ஒடியல் கூழ் (பனங்கிழங்கு மாவிலை மீனும் மரக்கறியும் போட்டுக் காய்ச்சிறது) கசக்குது, கட்டியும் படுது. எங்கை பிழை?

6 பேருக்குக் கால் கிலோ மா. கொதிக்கிற சட்டிக்குள்ளை மாவை அப்பிடியே கொட்டினது. மா பழசோ?

பதில் 1:
மாவிலை பிழையில்லை. ஒடியல் பச்சையாய்க் காய்ஞ்ச பனங்கிழங்கு, கசப்பு அதோடையே இருக்கும். நிறையத் தண்ணியிலை கரைச்சு 2 மணித்தியாலம் வையுங்கோ. மா அடியிலை படிஞ்ச பிறகு மேல்தண்ணியை மெதுவாய் வடிச்சு ஊத்துங்கோ. புதுத்தண்ணி விட்டுக் கரைச்சு, அந்தக் கரைசலைத்தான் சட்டிக்குள்ளை விடவேணும், கட்டிபடாது. புழுக்கொடியல் மாவை மாறி வாங்கிப்போடாதேங்கோ, அது அவிச்சுக் காயவிட்டது.

பதில் 2:
ஒழுங்கும் முக்கியம். ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயித்தங்காய் முதல் அவியட்டும். பிறகு மீன்தலை, நண்டு. றால் கடைசியாய், முந்திப் போட்டால் றப்பர். அதுக்குப் பிறகுதான் அரைச்ச செத்தல்மிளகாய், மஞ்சள், பழப்புளி.

கேட்டவர்:
புளியை முதலே விட்டால் என்ன?

பதில் 2:
மரக்கறி அவியாமல் விறைச்சு நிக்கும். மா விட்டதும் நெருப்பைத் தணிச்சு, அகப்பையை அடிவரை விட்டுத் துழாவுங்கோ, கெதியா அடிப்பிடிக்கும். இறக்கமுதல் முருங்கையிலை.

பதில் 1:
பிளாவிலை, அதுதான் பனையோலையை மடிச்சுக் கோலினதிலை, குடியுங்கோ. கோப்பையிலை விட்டால் அது சூப்!