பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவருக்கு இந்த அக்கா சரியா? குழாய்த் தண்ணீரா, ஆசிரியர் பணியிடமா?

பூவரசு:
எங்கள் ஊர் அரசு நடுநிலைப்பள்ளியில் மேலாண்மைக் குழுவை மறுபடி அமைக்கப் போகிறார்கள். 24 பேரில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், தலைவராக ஒரு தாய். இந்த முறை எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் அக்கா நிற்கிறார். அரசின் மாலை நேரக் கற்பித்தல் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்.

ஞாயிறன்று கோயில் மண்டபத்தில் பெற்றோரிடம் பேசினார். கழிப்பறைக் குழாயில் மதியத்துக்குப் பிறகும் தண்ணீர் வரவேண்டும். பள்ளி மானியத்தின் வரவு செலவைப் பலகையில் எழுதிப்போட வேண்டும். மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திக்காமல் வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். திறன் வகுப்பறை (ஸ்மார்ட் கிளாஸ்) பற்றி ஒருவர் கேட்டதற்கு, "முதலில் மின்விசிறி சுற்றட்டும் அண்ணா" என்றார். என் வாக்கு அவருக்குத்தான். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

தறிக்காரர்:
தண்ணீர் விடுவது ஊராட்சியின் வேலை. அதற்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவரா? பக்கத்து ஊர்த் தனியார் பள்ளி வேன் காலை எட்டு மணிக்கு நம் தெருவுக்குள்ளேயே வந்து ஆள் பிடிக்கிறது. ஆங்கிலவழி வகுப்பைப் பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லவர்தான், மறுக்கவில்லை. நல்லவர் என்பதற்காகவா தலைவராக்குவது?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
34 ஆண்டுகள் கரும்பலகைக்கு முன் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வாசிப்புச் சோதனை என்று பெற்றோர் வகுப்பறைக்குள் வருவதை நான் ஏற்கமாட்டேன். திக்காமல் வாசிப்பது வேறு, புரிந்து வாசிப்பது வேறு. மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையும் திக்காது.

உண்மையான நோய் வேறு இடத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்துத்தான் பணியிடம் கணக்கிடப்படுகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளில் 60 பேர் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று. நம் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை இப்போது 62 பேர். இரண்டு பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனால் மூன்றாவது ஆசிரியர் உபரி. பணி நிரவலில் வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் கட்டி மேய்க்க வேண்டும். தலைவராக வருபவர் கோடை விடுமுறையிலேயே வீடு வீடாகச் சேர்க்கைக்குப் போகவேண்டும். குழாய் அப்புறம்.

மூன்றாம் வகுப்பு அம்மா:
வாத்தியார் ஐயா, மன்னிக்கவும், குழாய் அப்புறம் இல்லை. என் மகள் காலையில் கொண்டுபோகும் தண்ணீர்ப் பாட்டில் மாலையில் நிறைந்தபடியே திரும்பி வருகிறது. "குடித்தால் போகவேண்டி வருமே அம்மா" என்கிறாள். எட்டு வயது. வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடுகிறாள். போன ஆண்டு ஆறாம் வகுப்பிலிருந்து விலகிய இரண்டு பெண் பிள்ளைகள் எதற்காகப் போனார்கள் என்று அவர்களின் அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலம் என்று வெளியில் சொல்வார்கள். அடுப்படியில் வேறு காரணம் சொல்வார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அம்மா, இது எனக்குத் தோன்றவில்லை. ஆண் ஆசிரியனாக அந்தப் பக்கம் போகாமலே காலத்தை ஓட்டிவிட்டேன். ஆனால் வாசிப்பு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

தறிக்காரர்:
சரி, பணம் எங்கே? தீர்மானம் போட்டால் மோட்டார் ஓடிவிடுமா?

பூவரசு:
மொத்தம் 107 பிள்ளைகள். 101 முதல் 250 வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய் என்பது விதி. அதில் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். மோட்டாருக்குக் காயில் கட்ட இது போதும். போன குழு இந்தப் பணத்தை எதற்குச் செலவழித்தது என்று இங்கே யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது. அந்தக் குழுவில் நானும் உறுப்பினர்! தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். ஒருமுறை கோழிக்குத் தீவனம் வைத்துக்கொண்டே போட்டேன். அந்தப் பக்கத்தில் தவிட்டுக் கறை இன்னும் இருக்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
விதியில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு. 2024-25இல் ஒன்றிய அரசு பள்ளிக் கல்விக்காகத் தமிழ்நாட்டுக்குத் தரவேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பணம் தாமதமானால் பலகையைப் பார்க்கிறவர்கள் டெல்லியைக் கேட்கமாட்டார்கள், தலைமையாசிரியரைத்தான் திருடன் என்பார்கள். கைக்காசு போட்டுச் சுண்ணாம்பு வாங்கிய தலைமையாசிரியர்களை நான் அறிவேன்.

பூவரசு:
அப்படியானால் "மானியம் வரவில்லை" என்று பலகையில் எழுதட்டும். கைக்காசு போட்டிருந்தால் அதையும் எழுதட்டும். பழி வருவதே எழுதாமல் விடுவதால்தான்.

தறிக்காரர்:
இந்தக் குழுக்களை நம்பாததற்கு இன்னொரு காரணம் சொல்கிறேன். 2022இல் மாநிலம் முழுக்க 13,331 காலியிடங்களைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000. என் தறியில் நூல் போடுகிறவர் அதைவிட அதிகம் வாங்குகிறார். அரசு செய்யவேண்டியதைச் செய்யாமல், பெற்றோர் தலையில் கட்டுவதற்கு ஒரு வழி இந்தக் குழு. நாளைக்கு அந்த அக்கா தண்ணீர் வரவில்லை என்று மனு எழுதினால், "குழுவே பார்த்துக்கொள்ளட்டும்" என்று திருப்பி அனுப்புவார்கள்.

மூன்றாம் வகுப்பு அம்மா:
அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் மனு எழுதக்கூட ஆளில்லாத பள்ளியைவிட, திரும்பி வந்த மனுவைக் கையில் வைத்திருக்கும் பள்ளி மேல். அப்புறம் ஒன்று: தலைவர் நாற்காலியில் அக்கா உட்காரவேண்டும், அவர் கணவர் உட்காரக்கூடாது. ஊராட்சியில் பார்த்துச் சலித்துவிட்டது.

பூவரசு:
அவர் கணவருக்குக் கூட்டம் என்றாலே தூக்கம் வரும். அந்தக் கவலை வேண்டாம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டம். வரவு செலவைப் பலகையில் எழுதவேண்டும் என்று நான் முன்மொழியப் போகிறேன். கோடையில் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போவதையும் அதோடு சேர்த்துக்கொள்கிறேன், வாத்தியார் ஐயாவுக்காக. பேரன் அங்கே படிப்பதால் ஐயாவும் வரலாமே?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
வருகிறேன். பேரனின் தாய் வழிமொழிவாள், நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். வாசிப்பை யார் சோதிப்பது என்று அந்தப் பெண்ணிடம் நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

தறிக்காரர்:
மூன்று மணிக்கு எனக்குத் தறி ஓடும். வீட்டுக்காரி வருவாள். யாருக்குக் கை தூக்குவாள் என்று எனக்கே தெரியாது.