மறு: ‘டேட்டா க்யூரேஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும அன்பர்களுக்கு வணக்கம். ஆய்வுத் தரவில் வேண்டியதைத் தேர்ந்து, பிற்காலத்தவருக்கும் பயன்படும்படி காத்து, வேண்டாததைக் கழிக்கும் வேலைதான் டேட்டா க்யூரேஷன். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்ட இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘தரவுப் பாதுகாப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். கடவுச்சொல், ஊடுருவல், தகவல் திருட்டு என்று பேசியே அந்தச் சொல்லைச் செலவழித்துவிட்டோம். அரசு ஆய்வகம் ஒன்று ‘தரவுப் பாதுகாப்பு அலுவலர் தேவை’ என்று அறிவித்தால், கணினிக் காவல் படித்தவர்கள்தாம் வரிசையில் நிற்பார்கள்.

> அப்படியானால் ‘தரவுச் சேமிப்பு’?

வட்டில் போட்டு வைப்பதோடு இந்த வேலை முடிவதில்லை. கோப்பைத் திறக்கும் மென்பொருள் வழக்கொழியும் முன் அதைப் புதிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். சரிபார்ப்புத் தொகையை (செக்சம்: கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) அவ்வப்போது மறுபடி கணக்கிட்டு, ஒரு பிட்கூட மாறவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். கருவி, அலகு, செய்த திருத்தங்கள் எல்லாவற்றையும் சொல்லும் மீதரவு (மெட்டாடேட்டா) கூடவே வர வேண்டும். 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற செவ்வாய் விண்கலம் தொலைந்தது அலகுக் குழப்பத்தால்தான்: ஒரு தரப்பு பவுண்டு-விசைக் கணக்கில் கொடுத்ததை மறுதரப்பு நியூட்டன் கணக்கென்று எடுத்துக்கொண்டது. அங்கே இரு தரப்பும் உயிரோடு, தொலைபேசித் தொலைவில் இருந்தார்கள். முப்பது ஆண்டு கழித்துக் காப்பகக் கோப்பைத் திறப்பவருக்குக் கேட்க ஆளே இருக்காது.

இன்னொன்று, எதைக் கழிப்பது என்று முடிவெடுப்பதும் இதே வேலைதான். பொதுப் பணத்தில் எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருக்க முடியாது. முடிவெடுக்க ஆளில்லாவிட்டால் தட்டுப்பாடே முடிவெடுத்துவிடும். அப்பல்லோ 11-இன் மூலத் தொலையளவி (டெலிமெட்ரி) நாடாக்கள் அழிக்கப்பட்டு, வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் நாசாவே சொன்னது.

ஆகவே என் பரிந்துரை: தரவோம்பல். ஓம்புதல் என்றால் காத்து வளர்த்தல். தவிர்த்தல், விலக்கல் என்ற பொருளும் அதற்கு உண்டு. ‘வினைக்கண் வினைகெடல் ஓம்பல்’ என்று குறள் சொல்வது இரண்டாவது பொருளில். வைத்துக்கொள்வதும் கழிப்பதுமாகிய இந்தத் தொழிலுக்கு இரண்டும் வேண்டும். ‘பேணல்’ எனக்கும் பிடிக்கும். ஆனால் கழித்தலை அது தாங்காது. இதைச் செய்பவர் தரவோம்புநர்.

> பழைய சொல், யாருக்கும் தெரியாதே.

விருந்தோம்பல் தெரியாத தமிழர் யார்? பாதிச் சொல் ஏற்கெனவே நாவில் இருக்கிறது.

அடுத்து, காப்பகங்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 14721 மூன்று பொதிகளைப் (தரவும் அதன் விவரங்களும் சேர்ந்த கட்டுகளைப்) பிரித்துப் பேசுகிறது. ஆய்வாளர் காப்பகத்துக்குத் தருவது ஒப்படைப்புப் பொதி, உள்ளே காக்கப்படுவது ஓம்பற்பொதி, கேட்பவருக்குப் போவது வழங்கற்பொதி. திட்ட நிதி முடிந்ததும் தரவைக் காப்பகத்தின் பொறுப்பில் விடும் அந்தச் செயலுக்கு ‘ஓம்படை’ என்ற பழஞ்சொல்லை எடுக்கலாம் என்று தோன்றுகிறது. காக்குமாறு ஒப்படைத்தல் என்பதே அதன் பொருள். ‘ஒப்படைப்பு’ போதும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். மீதரவா மேனிலைத் தரவா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.