மல்லேஸ்வரம் பழைய வீட்டுப் பின்கட்டு: கக்கூஸ், வெந்நீர் அறை, கிணறு – எதை இடிக்கலாம், எதை வைக்கலாம்?

கொல்லைக்கதவு:
வணக்கம். தாத்தா பாட்டி இருந்த வீடு, பெங்களூர் மல்லேஸ்வரம், 40-க்கு 60 அடி மனை. முன்கட்டில் பெரிய சிக்கல் இல்லை. கேள்வி கொல்லைப்புறத்தைப் பற்றி.

கொல்லைக் கோடியில் 18-க்கு 9 அடியில் தனிக் கட்டடம். மங்களூர் ஓடு, இரண்டு பக்கமும் சரிவு. இடப்பக்கம் கக்கூஸ், வலப்பக்கம் செம்பு அண்டாவை அடுப்போடு சேர்த்துக் கட்டிய குளியலறை. பின்சுவர் துப்புரவுக்காக விட்ட கன்சர்வன்சி சந்தின் ஓரத்தில் நிற்கிறது. சுவரெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். கீழே 3 அடி உயரத்துக்கு யாரோ சிமெண்டு பூசியிருக்கிறார்கள், அது உப்பு பூத்து உரிகிறது. ஏறக்குறைய 60 ஓடுகள் உடைந்திருக்கின்றன. கக்கூஸிலிருந்து 20 அடியில் 5 அடி விட்டமுள்ள கிணறு, தண்ணீர் இருக்கிறது. கட்டடச் சுவரிலிருந்து 8 அடியில் ஒரு பலா.

காண்டிராக்டர் "இடிச்சிட்டு கான்கிரீட் போட்டுடலாம்" என்கிறார். எனக்கு வேண்டியது: இடப்பக்கம் தோட்டச் சாமான் வைக்க, வலப்பக்கம் குளியலறையாகவே இருக்க, கிணற்றுத் தண்ணீர் புழங்க, பாட்டி வைத்திருந்த அவரைப் பந்தலும் பூச்செடிகளும் திரும்ப வர. எதில் ஆரம்பிப்பது?

சந்துமுனை:
பூச்சு, ஓடு எல்லாம் அப்புறம். முதல்ல அந்தக் கக்கூஸ் எந்த ரகம்னு கண்டுபிடிங்க. தரைக்குக் கீழே குழி இருக்கா இல்லையான்னு தெரியாம அந்த இடத்துல கடப்பாரை வைக்கக் கூடாது.

1898 பிளேக்குக்கு அப்புறம் அமைச்ச பேட்டைகள்தான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும். வீடுகளுக்குப் பின்னாடி ஓடுற கன்சர்வன்சி சந்து எடுப்புக் கக்கூஸுக்காக, அதாவது ஆள் வந்து மலத்தை வாளியில எடுத்துட்டுப் போற கக்கூஸுக்காக விட்ட வழி. அதனால சந்துப் பக்கம் போய்ப் பின்சுவரைப் பாருங்க. தரையை ஒட்டி, ஒன்றரை அடி அகலத்துல செங்கல் வரிசை மாறி அடைச்ச சதுரம் தெரிஞ்சா, அது எடுப்புக் கக்கூஸா இருந்தது. வாளியை வெளியே இழுக்குற வாய் அது. அந்த ரகத்துல குழி கிடையாது. அந்த வேலையை ஒரு சில சாதிக்காரங்க தலையில கட்டி வெச்சிருந்த ஏற்பாட்டோட சின்னம் அந்த வாய். 'பழமை'ன்னு அதைத் திறந்து அலங்காரம் பண்றவங்களும் உண்டு, எனக்கு அது உவப்பில்லை.

சதுரம் இல்லாம, கூரைக்கு மேல போற காற்றுக்குழாய் இருந்தா குழி இருக்கு.

இன்னொரு சோதனையும் பண்ணுங்க. ரெண்டு வாளித் தண்ணியில சொட்டு நீலம் தாராளமா கலந்து கக்கூஸ் பேசின்ல ஊத்திட்டு, தெருப் பக்கம் இருக்குற கடைசிச் சேம்பரை, அதாவது மூடி போட்ட சாக்கடைத் தொட்டியைத் திறந்து பாருங்க. 10 நிமிஷத்துல நீலம் வந்தா பாதாளச் சாக்கடையில இணைச்சிருக்கு. வரலைன்னா எங்கேயோ குழிக்குப் போகுது.

கொல்லைக்கதவு:
சோதித்தேன். அடைத்த சதுரம் இருக்கிறது. ஆனால் நீலம் சேம்பரில் வரவேயில்லை, அரை மணி நேரம் பார்த்தேன். இரண்டும் எப்படி?

சந்துமுனை:
ரெண்டும் சேர்ந்தே இருக்கும். 1970-கள்ல பி. பசவலிங்கப்பா அமைச்சரா இருந்தப்போ கர்நாடகத்துல மலம் சுமக்குறதைத் தடை செஞ்சாங்க. எடுப்பை நிறுத்தினவங்க சந்து வாயை அடைச்சு, பேசின் வெச்சு, கொல்லைக்குள்ளேயே குழி வெட்டிக்கிட்டாங்க. உங்க குழி கட்டடத்துக்கும் கிணத்துக்கும் நடுவுல இருக்க வாய்ப்பு அதிகம், பின்னாடி சந்து இருக்கிறதால வேற இடமே இல்லை.

பேசின்லேருந்து 5, 6 அடிக்குள்ள, ஓர் ஆள் மட்டும், ஓரத்துல நின்னு, மெல்லிய கம்பியால ஒரு அடிக்கு ஒரு குத்து. சப்படிக்கல் (பலகைக் கல்) மூடி இருந்தா 'டக்'குனு நிக்கும், உள்ளே காலியா இருக்குற சத்தம் வரும். மூடி மேல யாரும் நிக்கக் கூடாது, பழைய கல் நடுவுல விரிசல் விட்டிருக்கும்.

கண்டுபிடிச்சதும் உறிஞ்சுற லாரியைக் கூப்பிடுங்க. எந்தக் காரணத்துக்கும் உள்ளே ஆளை இறக்காதீங்க. பாதுகாப்புச் சாதனம் இல்லாம இறக்குறது மலம் அள்ளுறதைத் தடை செஞ்ச 2013 சட்டப்படி ஜெயிலுக்குப் போற குற்றம். சட்டம் இல்லாட்டியும் உள்ளே இருக்குற வாயு ரெண்டு மூச்சுல ஆளைச் சாய்ச்சுடும். காலி பண்ணதும் கீழ ஒண்ணரை அடி செங்கல் ஜல்லி, அதுக்கு மேல மண்ணை ஓரடி ஓரடியா கொட்டி, தண்ணி விட்டு, திமிசுக் கட்டையால இடிச்சு இறுக்குங்க. ஒரே மூச்சுல லாரி மண்ணைக் கொட்டினா அடுத்த மழையில முழங்கால் ஆழம் உள்வாங்கும். வண்டல் கொஞ்சம் தங்கத்தான் செய்யும், புழு முட்டையெல்லாம் சாக 2 வருஷம் ஆகும். அதுவரைக்கும் அந்த இடத்துல கீரை, முள்ளங்கி வேண்டாம். வாழை வைக்கலாம்.

சுண்ணாம்புக்கை:
காண்டிராக்டர் சொன்னதைக் கேட்காதீர்கள். 9 அடி அகலக் கட்டடத்தில் சுவர் தூக்குக்குண்டுக்குச் சரியாக நின்றால் இடிக்கக் காரணமே இல்லை.

உப்பு பூப்பதற்குக் காரணம் அந்த 3 அடி சிமெண்டேதான். சுண்ணாம்புச் சுவர் தரை ஈரத்தை உறிஞ்சும், பரப்பு வழியாக வெளியே விடும். சிமெண்டு அந்த வழியை அடைக்கிறது. ஈரம் சிமெண்டுக்குப் பின்னால் தங்கி மேலே ஏறுகிறது, உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகி அதைத் தள்ளிவிடுகிறது. மேலே இன்னொரு சிமெண்டுப் பூச்சு போட்டால் உரிதல் 3 அடியிலிருந்து 5 அடிக்கு ஏறும். அவ்வளவுதான் லாபம்.

செய்ய வேண்டியது: முதலில் வெளியே மண் மட்டத்தைப் பாருங்கள். பல வருஷம் எரு, சருகு கொட்டி, கொல்லை மண் அறைத் தரையைவிட உயர்ந்திருக்கும். சுவரைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு, அறைத் தரை மட்டத்துக்கு 6 அங்குலம் கீழ் வரை வெட்டி எடுத்துச் சரளை போடுங்கள். பாதி ஈரம் இதிலேயே நிற்கும். பிறகு சிமெண்டைச் சிற்றுளியால் கொத்தி எடுத்து, செங்கல் இணைப்பை அரை அங்குலம் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும். கோடையில் 6 வாரம் திறந்தே விடுங்கள்.

பூச்சுக்கு, நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் குறைந்தது 15 நாள் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் நீறாத துகள் சுவரில் பொங்கி அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு கழுவிய மணல். அடிப்பகுதிக்கு மணலில் ஒரு பங்கைச் சுர்க்கியாக (செங்கல் தூள்) மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பூச்சு 12 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. நகத்தால் அழுத்தினால் தடம் மட்டும் விழும் பதத்தில் அடுத்த பூச்சு. 10 நாள் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். மேலே எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் செய்த வேலை எல்லாம் வீண். வெள்ளையடிப்பு மட்டும், பால் பதத்தில் 4 தடவை.

வெந்நீர் அடுப்புப் பக்கத்துச் சுவரில் கரி படிந்திருக்கும். அதன்மேல் சுண்ணாம்பு பிடிக்காது. செங்கல் தெரியும்வரை சுரண்டியே ஆக வேண்டும்.

முகட்டுவளை:
ஓட்டுக் கணக்கு மட்டும். உங்க கட்டடம் 18-க்கு 9, சுத்தி ஒன்றரை அடி தாழ்வாரம் வெளியே நீட்டினா 21-க்கு 12. 30 டிகிரி சரிவுக்கு கிட்டத்தட்ட 290 சதுர அடி, அதாவது 27 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 15 ஓடுன்னா 400 சொச்சம். 60 உடைஞ்சிருக்குன்னா 100 வாங்குங்க, இறக்கி ஏத்தும்போது இன்னும் 30 போகும்.

புது ஓடு வாங்கிச் சொருகாதீங்க. மங்களூர்ல பாசல் மிஷன்ங்கிற கிறிஸ்தவ அமைப்பு 1865-ல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்ச பிறகு பல கம்பெனிகள் முளைச்சு, ஒவ்வொண்ணும் தன் அச்சுல அடிச்சாங்க. ஓட்டுக்கு ஓடு காடி (ஓரத்துப் பள்ளம்) ஒண்ணோட ஒண்ணு பொருந்தாது, பொருந்தாத இடத்துல மழை உள்ளே வரும். நல்லா இருக்குற ஓட்டைத் திருப்பி, பின்னாடி முத்திரையைப் போட்டோ எடுத்துக்கிட்டு, பழைய கட்டடச் சாமான் கடையில அதே முத்திரையா தேடுங்க. விரலால சுண்டினா 'கணீர்'னு கேக்கணும். மொத்துன்னு கேட்டா மயிரிழை விரிசல், வேண்டாம்.

ஓட்டை இறக்கினதும், சரிவைத் தாங்குற கைமரம் சுவர்ல உட்கார்ற நுனியை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. கரையானும் உளுப்பும் அங்கேதான் முதல்ல. நுனி மட்டும் போயிருந்தா முழு மரத்தையும் மாத்த வேண்டாம், பக்கத்துல 4 அடித் துண்டு வெச்சு போல்ட்டு முடுக்கினா போதும். ஓட்டுக்கு அடியில பிளாஸ்டிக் தாள் விரிக்கச் சொல்வாங்க. குளியலறை ஆவி அதுல முட்டி சொட்டி, ஓடு உட்கார்ற ரீப்பர் சட்டம் மூணே வருஷத்துல மக்கும். வெளிச்சம் வேணும்னா ரெண்டு கண்ணாடி ஓடு. ஜனவரியிலேருந்து மார்ச்சுக்குள்ள முடிங்க, ஏப்ரல் வந்தா ஆலங்கட்டியோட மாங்காய் மழை இறங்கும்.

கிணத்தடி:
கிணறு பற்றி. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலைக் கணக்கு. 60 அடி மனையின் முழு நீளமே அவ்வளவுதான்! உங்களுக்கு இருப்பது 20 அடி, 6 மீட்டர். ஆகவே குழியை மூடும்வரை அந்தத் தண்ணீர் செடிக்கும் வாசல் தெளிக்கவும் மட்டும். மூடி ஒரு மழைக்காலம் கழித்து சோதனைக்குக் கொடுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள், 100 மில்லியில் ஈ-கோலி பூஜ்யம். நைட்ரேட் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதிகமாகத்தான் ஆகும்.

5 அடி விட்டத்துக்கு ஓர் அடி ஆழத்தில் சுமார் 550 லிட்டர். மோட்டார் வைத்து 3 அடி இறக்கி, திரும்ப ஏற எத்தனை மணி என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து உங்கள் தினசரி வரவைக் கணக்கிடலாம். தூர் வார மண் வட்டர்களைத் தேடுங்கள், தலைமுறையாகக் கிணறு வெட்டுகிறவர்கள். அவர்களானாலும் வாயு மானி இல்லாமல் இறங்க வேண்டாம். விளக்கு இறக்கிப் பார்ப்பது பிராணவாயுக் குறைவை மட்டும்தான் காட்டும்.

மழைநீரையும் கிணற்றுக்குள் விடுங்கள். பெங்களூரில் வருஷத்துக்கு 970 மில்லிமீட்டர் வாக்கில் பெய்கிறது. முன்கட்டுக் கூரை 1,000 சதுர அடி இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 72,000 லிட்டர் கிணற்றுக்குப் போகும். முதல் 2 மில்லிமீட்டரை வெளியே விட ஒரு தனிக் குழாய், பிறகு ஜல்லி, கரி, மணல் நிரப்பிய 200 லிட்டர் பீப்பாய். 60-க்கு 40 மனைகளுக்கு 2009-லிருந்து இது கட்டாயமும்கூட.

ஆடிப்பந்தல்:
சுண்ணாம்புக்கை சொல்லாமல் விட்டது ஒன்று. சுரண்டிய பூச்சைக் கொல்லையில் கொட்டாதீர்கள். பழைய சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணில் கலந்தால் மல்லிகை, செம்பருத்தி இலையெல்லாம் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாகப் போகும். இரும்புச் சத்தைச் செடி எடுக்க முடியாத நிலை. எவ்வளவு எரு போட்டாலும் சீக்கிரம் தீராது. தார்ப்பாய் விரித்துவிட்டு வேலை ஆரம்பியுங்கள்.

அவரைக்கு ஆடிப்பட்டம்தான். பகல் குறுகினால்தான் பூக்கும் கொடி அது, தையில் விதைத்து இலையாக வளர்த்துவிட்டு 'காய்க்கவில்லை' என்பவர்கள் இருக்கிறார்கள். குழிக்கு 3 விதை, 2 அடி இடைவெளி, பந்தல் 6 அடி உயரம், குனியாமல் பறிக்க. பனிக்காலத்தில் மொட்டுக் காம்பில் கறுப்பாக அசுவினி அப்பும். சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி, மறுநாள் வெறும் தண்ணீரால் கழுவுங்கள்.

குளியல் தண்ணீர் வெளியேறும் இடத்தில் 6-க்கு 3 அடி, 2 அடி ஆழக் குழியில் சரளை போட்டுக் கல்வாழை, சேம்பு. பிளீச்சிங் பவுடர் மட்டும் அந்த வழியில் போகக் கூடாது. வெற்றிலைக் கொடிக்குக் குளியலறையின் வடக்குச் சுவர், நிழலும் ஈரமும் அங்கே கிடைக்கும். பவழமல்லியை ஓட்டுச் சரிவுக்குத் தள்ளி வையுங்கள், பூ தாழ்வாரக் குழாயை அடைக்கும்.

பலாவை வெட்டாதீர்கள். வெட்டுவதென்றாலும் கர்நாடகத்தின் 1976 மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரி அனுமதி வேண்டும். ஓட்டுக்கு மேல் நீட்டும் கிளையைக் குறைக்கவும் அவரிடமே எழுதிக் கொடுங்கள்.

கொல்லைக்கதவு:
எல்லோருக்கும் நன்றி. உறிஞ்சும் லாரிக்குச் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று: செம்பு அண்டாவை எடுக்காமல் பின்னால் இருக்கும் கரியைச் சுரண்ட முடியுமா?

சுண்ணாம்புக்கை:
முடியாது, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் விளிம்பைப் பிடித்து மேலே இழுத்தால் செம்பு நெளிந்து, திரும்ப உட்காராது. முன்பக்கம் விறகு செருகும் வாய்க்கு மேலுள்ள நாலு வரிசைச் செங்கல்லைப் பிரித்து, அடியில் பலகை கொடுத்து, இரண்டு பேர் முன்னால் சரித்து எடுங்கள். செங்கல்லுக்குச் சாக்பீஸால் எண் போட்டு வையுங்கள். திரும்பக் கட்டும்போது களிமண்ணும் மணலும் போதும், சிமெண்டு அந்தச் சூட்டுக்கு வெடிக்கும்.