எம்ஜிபி வாங்குவது, மேம்படுத்துவது: பாடி முதலில், எஞ்சின் அப்புறம்

பட்டறைவாசி

விலைக்கு எட்டுகிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பேச்சு எம்ஜிபியில்தான் வந்து நிற்கும். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதனால்தான் இன்றும் கிட்டத்தட்ட எல்லா உதிரிபாகமும் புதிதாகவே கிடைக்கிறது. முழு பாடி ஷெல்லே 1988இலிருந்து பழைய அச்சுகளைக் கொண்டு மறுபடி அடிக்கிறார்கள்.

ஆனால் இது தனி சேஸிஸ் இல்லாத வண்டி. பலம் முழுக்க சில்லில் இருக்கிறது. கதவுக்குக் கீழே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஓடும் பெட்டிதான் சில். உள் தகடு, நடுத் தகடு, வெளித் தகடு என்று மூன்று அடுக்கு. அடியில் அதைத் தாங்கும் காஸில் ரெயில் வேறு. விற்பவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டத் துடிப்பார். விடுங்கள், முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்.

துருவேறிய சில்லின் மேல் புதுத் தகட்டை ஒட்டி வெல்டிங் வைப்பதுதான் இந்த வண்டியில் அதிகம் நடக்கும் தில்லுமுல்லு. காந்தம் வைத்துப் பார்த்தால் பட்டி இருந்தால் தெரியும், இது தெரியாது. மேலே இருப்பதும் இரும்புதானே! அசல் சில்லில் தகடுகள் சேரும் விளிம்பு அடிப்பக்கம் செங்குத்தாக இறங்கும், ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அந்த இடத்தில் தாரைக் கனமாகப் பூசி வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். கார்பெட்டைத் தூக்கி உள் தகட்டையும் விரலால் அழுத்திப் பாருங்கள்.

அடுத்தது ஜாக்கி சோதனை. சில்லில் உள்ள ஜாக்கி பாயிண்ட்டில் வைத்துத் தூக்கும்போது கதவின் பின்விளிம்பு இடைவெளியைக் கவனியுங்கள். இடைவெளி குறுகினாலோ, கதவு திறக்க முரண்டு பிடித்தாலோ சில் போய்விட்டது. இது திறந்த கூரை வண்டியான ரோட்ஸ்டருக்கு நம்பகமான சோதனை. நிலையான கூரை கொண்ட ஜிடியில் கூரை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் சில் உளுத்திருந்தாலும் கதவு சமர்த்தாகத் திறக்கும்.

மாற்றுவதென்றால் கதவு வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்துப் பிணைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். கதவை மாட்டி இடைவெளியைச் சரிபார்த்துக்கொண்டே டேக் (தற்காலிக வெல்டிங் புள்ளி) வைக்க வேண்டும். வெளிச் சில் முன் விங்குக்கு (முன் சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) உள்ளேயும் நீள்கிறது, ஆகவே விங்கைக் கழற்றாமல் ஒழுங்காக முடியாது. "விங்கைத் தொடாமலே சில் மாற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் என்ன செய்யப்போகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், சீட்டுக்குப் பின்னால் பேட்டரி உட்காரும் பெட்டி, கதவில் சின்ன முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே கீறல்: இவற்றையும் பாருங்கள். கீறல் ஆபத்தில்லை, விலை பேச உதவும்.

அரை அங்குல ஸ்பானர்

பட்டறைவாசி அண்ணன் சொன்னதற்குப் பிறகு எஞ்சின் பக்கம். 1798 சிசி பி-சீரிஸ், முரட்டு எஞ்சின். கிராங்க்ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங் 1964 அக்டோபர் வரை மூன்று, அதற்குப் பிறகு ஐந்து. எஞ்சின் எண் 18ஜி, 18ஜிஏ என்று தொடங்கினால் மூன்று, 18ஜிபியிலிருந்து ஐந்து. தினசரி ஓட்டுபவர் ஐந்தைத் தேடலாம்.

ஆயில் பிரஷரைக் குளிர்ந்த எஞ்சினில் பார்த்துப் பயனில்லை. இருபது நிமிடம் ஓட்டிய பிறகு, வேகத்தில் 50 பிஎஸ்ஐக்கு மேலும், ஐடிலில் 15க்குக் குறையாமலும் நிற்க வேண்டும். ஊற்றுவது 20டபிள்யூ50. இன்றைய மெல்லிய சிந்தெடிக் ஆயில் இதற்கு வேண்டாம். கியர்பாக்ஸுக்கும் அதே எஞ்சின் ஆயில்தான், ஓவர்டிரைவும் (கியர்பாக்ஸோடு சேர்ந்த, வேகத்தில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) அதையே பகிர்ந்துகொள்கிறது. ஜிஎல்-5 கியர் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கும்.

டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ளது) குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம், அதாவது 0.38 மிமீ. எட்டு ராக்கர் இருக்கிறது. எதைச் சரிசெய்ய வேண்டுமோ அதன் எண்ணோடு கூட்டி ஒன்பது வரும் வால்வு முழுதாகத் திறந்திருக்க வேண்டும். எட்டாவது திறந்திருந்தால் முதலாவதைப் பாருங்கள். சரிசெய்த பிறகும் எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி மட்டும் மறுபடி மறுபடி குறைந்தால் வால்வு உட்காரும் சீட் உள்ளே இறங்குகிறது என்று பொருள். ஈயமில்லாத பெட்ரோலின் வேலை இது. ஹெட்டைக் கழற்றி கடினமான எக்ஸாஸ்ட் சீட் போட்டால் தீர்ந்தது. ஏற்கெனவே போட்டிருக்கிறதா, பில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

கிளட்ச் மாற்ற எஞ்சின் வெளியே வர வேண்டும். ரிலீஸ் பேரிங் கார்பன் வளையம். சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்கும் பழக்கம் அதைத் தின்றுவிடும். ஓட்டும்போது கிளட்ச் நழுவுகிறதா என்று பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

ஓவர்டிரைவ் இருக்கும் வண்டியை வாங்குங்கள். வேலை செய்யவில்லை என்றால் பயந்து ஓட வேண்டாம். பாதிக்கு மேல் கியர்பாக்ஸ் மேலுள்ள சுவிட்ச், ஒயர், குறைந்த ஆயில் என்றுதான் முடியும். முதலில் ஆயில் அளவு, பிறகு ஓவர்டிரைவை இயக்கும் சாலினாய்டுக்கு (மின்காந்த சுவிட்ச்) 12 வோல்ட் வருகிறதா என்பது.

கியர் விட்டுப் பிடிக்கும்போது பின்னால் 'டக்' என்று கேட்டால் ஆக்சில் போய்விட்டது என்று பயமுறுத்துவார்கள். பெரும்பாலும் டிஃபரென்ஷியலில் உள்ள த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கும், அது சல்லிசு. ஸ்போக் வீல் வண்டியில் ஸ்ப்ளைன் (சக்கரமும் ஹப்பும் பிணையும் பற்கள்) தேய்ந்தாலும் இதே சத்தம் வரும்.

அப்புறம், மில்லிமீட்டர் ஸ்பானரோடு இதைத் தொடாதீர்கள். அரை அங்குலம், 9/16 எல்லாம் வாங்கி வையுங்கள். 13 மிமீ பொருந்துவது போலத்தான் இருக்கும், நட்டு மொட்டையாகிவிடும்.

கரிபிடித்த பாயிண்ட்

ஒயரிங் பற்றி இரண்டே வரி. மின்பாகங்களைச் செய்த லூகாஸைத் திட்டுவதற்கு முன் எல்லா எர்த் இணைப்பையும் கழற்றி, தேய்த்து, மாட்டுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஹெட்லைட் மின்னோட்டம் முழுவதும் சுவிட்ச் வழியாகவே போகிறது, ஆகவே இரண்டு ரிலே போட்டால் வெளிச்சமும் கூடும், சுவிட்சும் பிழைக்கும்.

1967 வரை வந்தவை பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வாங்கும்போது அதற்கேற்றதை வாங்காவிட்டால் மாட்டிய நொடியே புகை. நெகட்டிவ்வாக மாற்றினால் பழைய எலக்ட்ரிக் ஆர்பிஎம் மீட்டரை உள்ளே திருத்தாமல் ஓடாது.

பெட்ரோல் பம்ப் டிக்டிக் சத்தம் நின்று வண்டி ஓரங்கட்டினால் அதைச் சுத்தியல் பிடியால் லேசாகத் தட்டுங்கள். மறுபடி ஓடினால் பம்புக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்ட் கரி பிடித்திருக்கிறது, வீடு போய்ச் சேரலாம்.

வளைவுக்கு வளைவு

மேம்படுத்துவது பற்றிப் பலரும் எஞ்சினிலிருந்து தொடங்குகிறார்கள். தவறான வரிசை. முதலில் எல்லாவற்றையும் அசல் நிலைக்குக் கொண்டுவாருங்கள். சுமார் 3000 மைலுக்கு ஒருமுறை கிங்பின்னுக்கு (முன் சக்கரம் திரும்பும் அச்சு) கிரீஸ் அடிக்காத வண்டியில் எந்த உயர்தர ஷாக் அப்சார்பரும் பயன் தராது. முன் சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் அப்போதும் இருந்தால் கிங்பின், நின்றால் பேரிங். முன் பேரிங் மாற்றும்போது உள்ளே இருக்கும் ஸ்பேசரையும் ஷிம்மையும் (மெல்லிய தகட்டு வளையம்) தூக்கி எறிந்துவிட்டு நட்டை மட்டும் இறுக்குகிறவர்கள் உண்டு. ஸ்டப் ஆக்சிலுக்குப் பலம் தருவதே அந்த ஸ்பேசர்தான். ஷிம்மைக் கூட்டிக் குறைத்து 0.05 முதல் 0.10 மிமீ வரை ஆட்டம் வைக்க வேண்டும்.

அதன்பிறகு காசுக்குப் பலன் தரும் முதல் மாற்றம்: முன் கீழ் ஆர்மில் எம்ஜிபி வி8க்கு வந்த ரப்பர் புஷ். பாலியூரிதேன் அளவுக்கு முரடாக இராது, சாதாரண புஷ் மாதிரி சீக்கிரம் நொறுங்காது.

கறுப்பு ரப்பர் பம்பர் வண்டி (1974 கடைசியிலிருந்து) மலிவு. அமெரிக்க விதிக்காக உயரத்தைக் கூட்டினார்கள், வளைவில் சாய்வதும் கூடியது. 1977 மாடலில் முன்னும் பின்னும் சாய்வைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பார் வந்த பிறகு நன்றாகவே இருக்கும். குரோம் பம்பராக மாற்றும் செலவில் குரோம் வண்டியையே வாங்கிவிடலாம்.

கார்ப்பரேட்டரில் வட்ட ஃபில்டர் மாட்டினால் பவர் கூடும் என்பது அரைகுறை. அசல் டப்பாவுக்குள் காற்று வளைந்து நுழைய ஒரு குழல் வடிவம் உண்டு. அதை எறிந்துவிட்டு வெறும் ஃபில்டர் மாட்டினால் பவர் குறையக்கூடும். கலவையும் மெலிவதால் எஸ்யூ கார்ப்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசியை மாற்ற வேண்டிவரும். சோதனை எளிது: ஐடிலில் கார்ப்பரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் தூக்குங்கள். ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இறங்கினால் குறைவு, ஒரு கணம் ஏறி அமர்ந்தால் சரி.

அரை அங்குல ஸ்பானர்

வளைவு தம்பி, ஒரே ஒரு மறுப்பு. ஐந்து கியர் மாற்றத்தை விட்டுவிட்டீர்கள். ஃபோர்ட் டைப் 9, மாஸ்டா எம்எக்ஸ்-5 கியர்பாக்ஸ் இரண்டுக்கும் கிட் கிடைக்கிறது.

வளைவுக்கு வளைவு

விடவில்லை அண்ணே, வேண்டாம் என்றுதான். ஓவர்டிரைவ் நன்றாக இருக்கும் வண்டியில் அந்தக் காசுக்கு சில்லையே மாற்றலாம். ஓவர்டிரைவ் இல்லாத வண்டியை மலிவாக வாங்கியவருக்கு மட்டும் கணக்கு சரிவரும்.

பட்டறைவாசி

பிரிட்டனில் வாங்குபவர்களுக்கு: நாற்பது வயது கடந்த வண்டிக்குச் சாலை வரி இல்லை, எம்ஓடியும் (ஆண்டுதோறும் செய்யும் வாகனத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை. வரி விலக்கு தானாக வராது, வரிப்பிரிவை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். எம்ஓடி கட்டாயமில்லாததாலேயே பலர் அடியில் பார்ப்பதே இல்லை. வாங்கும் முன் ஒரு சோதனைக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள், விற்பவர் மறுத்தால் அதுவும் ஒரு தகவல். 2021 செப்டம்பரில் அங்கே இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்த) பெட்ரோல் வந்தது, இந்த வண்டிக்கு இ5 (5 சதவீதம் வரை) போடுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் இருந்தால், எத்தனால் தாங்கும் ஹோஸாக டேங்கிலிருந்து கார்ப்பரேட்டர் வரை ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள்.