நீலகிரி மழை வரைபடம்: ஐடிடபிள்யூவா, கிரிகிங்கா?

முகில்வண்ணன்:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக நீலகிரி, கோவை இரண்டுக்கும் சேர்த்து மழை வரைபடம் போடுகிறேன். முப்பது சொச்சம் மழைமானிகளின் தினசரிக் கணக்கு கையில் இருக்கிறது. க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் ஐடிடபிள்யூ (பக்கத்து மானிக்கு அதிக எடை, தூரத்து மானிக்குக் குறைந்த எடை கொடுத்து நடுவிலுள்ள இடங்களைக் கணக்கிடும் முறை) போட்டால் ஒவ்வொரு மானியைச் சுற்றியும் வட்டம் வட்டமாக விழுகிறது. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பதிவானதே, அந்த நாள் படத்தில் அந்த ஒரு இடம் அம்மைத் தழும்பு மாதிரி நிற்கிறது. கிரிகிங்கில் (தூரம் கூடக்கூட மழை எவ்வளவு மாறுகிறது என்பதைத் தரவிலிருந்தே கண்டுபிடித்து எடை போடும் முறை) எல்லாம் வழவழவென்று வருகிறது, ஆனால் அந்த 80 எங்கே போனதென்றே தெரியவில்லை. கைடு கிரிகிங்தான் என்கிறார். எதை நம்புவது?

சாரல்77:
படம் அழகாக இருப்பதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். ஐடிடபிள்யூ அளந்த அதிகபட்சத்துக்கு மேலே போகவே போகாது, எனவே இரண்டு மானிகளுக்கு நடுவே உச்சம் இருந்தால் அது உங்கள் படத்தில் வராது. கிரிகிங்கில் நக்கெட் (மிக அருகிலுள்ள இடங்களுக்கு இடையிலும் மிஞ்சும் வேறுபாடு) எவ்வளவு வந்தது என்று பாருங்கள், அவலாஞ்சி மாதிரி ஒரு எண் இருந்தாலே வேரியோகிராம் (தூரத்துக்கேற்ற வேறுபாட்டைக் காட்டும் வளைவு) குலைந்துவிடும். முதலில் பருவ சராசரிக்கு நல்ல வரைபடம் ஒன்று செய்யுங்கள், அப்புறம் அன்றைய மழை சராசரியில் எத்தனை பங்கு என்ற விகிதத்தை மட்டும் பரப்பி, இரண்டையும் பெருக்குங்கள்.

கணக்கன்:
உயரத்தையும் சேர்த்து ரிக்ரஷன் கிரிகிங் (உயரத்தால் விளக்க முடிந்ததைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கிரிகிங் செய்வது) போடலாமே? டிஇஎம், அதாவது நில உயரத் தரவு, இலவசமாகவே கிடைக்கிறது.

மேற்குமலை:
வெறும் உயரம் இங்கே காலை வாரிவிடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே, தேவாலா அதில் பாதி உயரம்தான், ஆனால் தென்மேற்குப் பருவத்தில் தேவாலாவுக்கு முன்னால் ஊட்டி ஒன்றுமே இல்லை. காற்று முட்டும் பக்கமா மறைவுப் பக்கமா என்பதுதான் கணக்கு, அதனால் மேற்கு முகட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் சேருங்கள். அக்டோபர் வந்தால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கதை தலைகீழ். வருட மொத்தத்தை ஒரே வரைபடமாகப் போட்டால் இரண்டும் குழம்பிவிடும்.

முகில்வண்ணன்:
சரி, பருவம் பருவமாகப் பிரிக்கிறேன். ஒவ்வொரு மானியாக விட்டுவிட்டுச் சரிபார்த்ததில் ஆர்எம்எஸ்இ (பிழை எவ்வளவு என்று காட்டும் அளவு) இரண்டு முறைக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சாரல்77:
வரத்தான் செய்யும். மானிகள் பெரும்பாலும் எஸ்டேட்டிலும் ஊரிலும் பக்கம் பக்கமாக இருக்கும், ஒன்றை எடுத்தால் பக்கத்து மானி காப்பாற்றிவிடும். ஒரு பள்ளத்தாக்கின் மானிகளை மொத்தமாக நீக்கிவிட்டுச் சோதியுங்கள், அப்போதுதான் வித்தியாசம் தெரியும். இன்னொன்று, வானிலைத் துறைக் கணக்கு காலை 8.30 வரையிலான 24 மணி நேரம். எஸ்டேட் நோட்டில் அதே மழையை முந்தின நாள் தேதியில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், அதைச் சரிசெய்யாமல் எந்த முறையைப் போட்டாலும் வீண்.