புதுப்பிப்பு: எங்கட புளொக் கல்லும் கிளிங்கர் கணக்கும்

போன மாதம் ஒரு இழை போட்டிருந்தேன்: திருகோணமலை சீனன்குடாச் சீமெந்து ஆலையில் விறகு எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், ஆகவே நிலாவெளியில் நாங்கள் அரிகிற புளொக் கல்லும் சுற்றாடலுக்கு நல்லது என்று. அரைவாசி பிழை. ஒரு தம்பி வந்து திருத்தினார், நன்றி.

விறகு மின்சாரம் உண்மைதான். ஆனால் அங்கே நடப்பது கிளிங்கரை (சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு எடுக்கிற கட்டி, சீமெந்தின் மூலப்பொருள்) அரைக்கிற வேலை. கிளிங்கர் கப்பலில் வருகிறது. பெரிய புகைக்கணக்கு அதைச் சுட்ட வெளிநாட்டுச் சூளையில். சுண்ணாம்புக்கல் 1000 கிலோ முழுதாகச் சிதைந்தால் 440 கிலோ காபனீரொட்சைட்டு கல்லிலிருந்தே கிளம்பும். விறகோ சூரிய ஒளியோ, எதால் சூடாக்கினாலும் அது குறையாது. ஆகவே கிளிங்கரைக் குறைப்பதுதான் வழி.

அதனால் கிளிங்கரில் ஒரு பங்குக்குப் பதிலாக எரிசாம்பல் கலந்த சீமெந்துக்கு மாறினேன். (சாம்பல் நிலக்கரியின் மிச்சம், அது வேறு கதை.) முதல் தொகுதி சொதப்பல். வழமைபோல மறுநாளே தூக்கினேன், மூலை எல்லாம் உதிர்ந்தது. இந்தச் சீமெந்து மெதுவாகத்தான் இறுகும். இப்போது ஈரச்சாக்குப் போட்டு 10 நாள் தண்ணீர் விடுகிறேன். கல் நிற்கிறது. தண்ணீர் மோட்டர்தான் கூட ஓடுகிறது. அந்த பில் இன்னும் வரவில்லை.