பவர் ஆம்புக்கு வால்யூம் உள்ள டாக் போதுமா, தனி ப்ரீ ஆம்ப் வேண்டுமா?

காவிரிக்கரை:
ஸ்பீக்கரை ஓட்டும் அப்பாவின் பழைய பவர் ஆம்ப் சர்வீஸ் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டது. 8 ஓமில் 100 வாட். உள்ளே 1 வோல்ட் கொடுத்தால் முழு பவரும் வந்துவிடும். வால்யூம் குமிழ் கிடையாது. ஸ்பீக்கர் 88 டெசிபல் (1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் வரும் சத்தம்). பாட்டு லேப்டாப்பிலிருந்து, டிவியிலிருந்து; அப்புறம் அப்பாவின் கேசட் டெக். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. டாப்பிங் இ30 போல ரிமோட்டில் வால்யூம் மாற்றும் டாக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி) ஒன்றை வாங்கி நேராக ஆம்பில் செருகலாமா? நடுவே சிக்னலைப் பெருக்கி வால்யூம் மாற்றும் தனி ப்ரீ ஆம்ப் இல்லாமல் கூடாது என்கிறார் கடைக்காரர்.

ஓம்விதி:
தாராளமாகச் செருகலாம். டாக்கிலிருந்து 2 வோல்ட் வருகிறது, உங்களுக்குத் தேவை 1 வோல்ட். இதில் ப்ரீ ஆம்ப் எதைப் பெருக்கப் போகிறது? ஒன்று மட்டும் பாருங்கள்: எஸ்எம்எஸ்எல் எஸ்யு-1 மாதிரி வால்யூமே இல்லாத டாக்கை நேராகச் செருகிவிடாதீர்கள். முழுச் சத்தத்தில் அலறும்.

பழைய வால்வு:
வேண்டாம் தம்பி. டிஜிட்டல் வால்யூமில் 6 டெசிபல் குறைக்கும்போதெல்லாம் ஒரு பிட் போகும். ராத்திரி நேரத்தில் 40 டெசிபல் குறைத்துக் கேட்டால் 16 பிட் பாட்டில் 9 பிட்தான் மிஞ்சும். சாதாரண டாக் ஒன்று, அதற்குப் பின்னால் நல்ல 10 கிலோ ஓம் பாட் (பொட்டென்ஷியோமீட்டர், கையால் திருகும் வால்யூம் குமிழ்) வைத்த பெட்டி ஒன்று. நாற்பது வருடமாக நான் கேட்பது இப்படித்தான்.

ஓம்விதி:
ஐயா, அந்தக் கணக்கு 16 பிட் சிப்புக்குச் சரி. இப்போது வருவது 24 பிட்டுக்குக் குறையாதவை. 16 பிட் பாட்டுக்குக் கீழே 8 பிட் இடம் காலியாக இருக்கிறது. 48 டெசிபல் வரை குறைத்தாலும் பாட்டின் பிட் வெட்டுப்படாது.

கவலைப்பட வேண்டியது இரைச்சலைப் பற்றி. வால்யூமைக் குறைத்தாலும் டாக்கின் சொந்த இரைச்சல் குறையாது என்பது உண்மை. எவ்வளவு என்று பார்ப்போம். 2 வோல்ட்டுக்கு 115 டெசிபல் கீழே என்றால் சுமார் 3.6 மைக்ரோவோல்ட். இந்த ஆம்ப் 28 மடங்கு பெருக்கும், ஸ்பீக்கரில் 0.1 மில்லிவோல்ட். 88 டெசிபல் ஸ்பீக்கரில் 1 மீட்டர் தூரத்தில் அது 0 டெசிபலுக்கும் கீழே போய்விடுகிறது. நள்ளிரவிலும் காதில் விழாது. 105 டெசிபல் ஹார்ன் ஸ்பீக்கர் வைத்திருந்தால் நானே உங்கள் பக்கம் பேசியிருப்பேன்.

பழைய வால்வு:
கணக்கை ஏற்கிறேன். ஆனால் என் பயம் அதுவல்ல. இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் இப்படி ஒரு பெட்டி இருந்தது. கரண்ட் போய் வந்ததும் முழு வால்யூமில் விழித்துக்கொண்டது. ஒரு ட்வீட்டரின் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) காயில் கருகிவிட்டது. அந்த மாடலுக்கு மாற்று ட்வீட்டர் இன்றுவரை கிடைக்கவில்லை. பாட் எத்தனை முறை கரண்ட் போனாலும் வைத்த இடத்தில் இருக்கும்.

ஓம்விதி:
அது நியாயமான பயம், மறுக்க மாட்டேன். டாக்குக்கும் ஆம்புக்கும் நடுவே ஒவ்வொரு சேனலிலும் வரிசையில் 4.7 கிலோ ஓம், தரைக்கு 2.2 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர் போட்டால் 10 டெசிபல் குறையும். முழு வால்யூமில் விழித்தாலும் ஆம்பிலிருந்து 40 வாட்தான் வரும், கிளிப் ஆகாது, அதாவது சத்தம் சிதையாது.

பழைய வால்வு:
சின்ன ட்வீட்டரைக் கருக்க 40 வாட்டே அதிகம்.

தறிச்சத்தம்:
கேசட் டெக்கை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள். இ30-இல் யுஎஸ்பி, ஆப்டிகல், கோஆக்ஸியல் மட்டும்தான். அனலாக் உள்ளீடு கிடையாது. வீம் அல்ட்ரா என்ற ஸ்ட்ரீமரில் லைன், ஃபோனோ, எச்டிஎம்ஐ எல்லாம் உண்டு, ஆனால் அது 329 டாலருக்கு வந்த சாமான். டெக் 0.5 வோல்ட் கொடுத்தாலே இந்த ஆம்பில் 25 வாட் வரும். அதனால் பெருக்க ஒன்றும் வேண்டாம், இரண்டு உள்ளீட்டுக்கு ஒரு செலக்டர் சுவிட்சும் ஒரு பாட் குமிழும் போதும். தம்பி, டெக் உண்மையிலேயே ஓடுகிறதா, அலமாரியில் அழகுக்கு இருக்கிறதா?

காவிரிக்கரை:
ஞாயிறு காலை அப்பா கட்டாயம் போடுவார். அவர் குரலிலேயே பதிந்த கேசட்டுகள் அதில் இருக்கின்றன. ஆனால் டிவிக்கு ரிமோட் இல்லாமல் முடியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி, எழுந்து போய்க் குமிழ் திருக முடியாது.

ஓம்விதி:
அப்படியென்றால் இரண்டையும் வாங்குங்கள். ரிமோட் உள்ள டாக்கும் டெக்கும் செலக்டர் பெட்டிக்குள் போகட்டும், அதன் பாட் வழியாக ஆம்புக்கு. டாக் முழு வால்யூமில் இருக்கும்போது வீடு தாங்கும் சத்தம் எதுவோ, அங்கே பாட் குமிழை நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் போகவே முடியாது. அன்றாடம் ரிமோட். என் ரெசிஸ்டர் யோசனையைவிட இது மேல். ஐயா சொன்ன பாட் இல்லாமல் இது அமையாது.

டிவியில் ஆடியோ வெளியீட்டை பிசிஎம் என்று மாற்ற மறக்காதீர்கள். டால்பியில் விட்டால் ஸ்டீரியோ டாக்கில் பாட்டு வராது. லேப்டாப் சார்ஜர் போட்டதும் ஹம் (உறுமல்) வந்தால் ஆப்டிகலுக்கு மாறிப் பாருங்கள்.

பழைய வால்வு:
இதற்குச் சம்மதம். பாட் குமிழை நிறுத்திய இடத்தில் பெயின்டால் ஒரு புள்ளி வையுங்கள். டெக்குக்குக் கூட்டினால் முடிந்ததும் புள்ளிக்கே திருப்பிவிட வேண்டும், அப்பாவிடம் சொல்லி வையுங்கள். போடும்போது ஆம்ப் கடைசி, அணைக்கும்போது ஆம்ப் முதலில்.

காவிரிக்கரை:
செலக்டர் பெட்டியை நானே சால்டர் செய்கிறேன். ஆம்பின் பக்கத்திலேயே வைக்கலாம், அரை மீட்டர் கேபிள் போதும். பாட் எந்த வகை வாங்க, லாக்தானே?

பழைய வால்வு:
லாக் (காதுக்கு ஏற்றபடி சத்தம் சீராக ஏறும் வகை), ஸ்டீரியோ, 10 கிலோ ஓம். மலிவான பாட் குமிழில் கீழ்க்கோடியில் இரண்டு சேனலும் ஒத்துப்போகாது. இரண்டு மூன்று வாங்கி மீட்டரில் அளந்து, நன்றாக ஒத்துவருவதைப் போடுங்கள்.